ராத்திரி எதைச் சாப்பிட்டால் தூக்கம் வரும்?

கேள்வி: வயது 19. இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு, ஹாஸ்டலில் இருக்கிறேன். படுத்தால் இரண்டு மணி வரை தூக்கம் வருவதில்லை. காலையில் எட்டரைக்கு எழுந்து வகுப்புக்கு ஓடுகிறேன். பகல் முழுக்கச் சோர்வு, தொட்டதற்கெல்லாம் எரிச்சல். ஜாதிக்காய்ப் பால், வாழைப்பழம், பாதாம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எது வேலை செய்யும்? என் சாப்பாடு இப்படி: காலை டிபன் கிடையாது. 10:45 இடைவேளையில் டீ, பப்ஸ். மதியம் மெஸ் சாப்பாடு. மாலை 5 மணிக்கு எனர்ஜி டிரிங்க் ஒரு கேன் (250 மி.லி.). 7 மணிக்கு டீ. 7:45-க்கு மெஸ்ஸில் சப்பாத்தி. 11 மணிக்கு இன்ஸ்டன்ட் காபி. 12 மணிக்கு முட்டை பரோட்டா அல்லது நூடுல்ஸ்.

பதில்:

சாப்பாட்டை நேரத்தோடு எழுதியிருப்பது நல்லதாகப் போயிற்று. நீங்கள் கேட்டது ராத்திரி உணவைப் பற்றி. ஆனால் உங்கள் பட்டியலில் கோளாறு மாலை 5 மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது. இன்னும் சரியாகச் சொன்னால், சாப்பிடாமல் விட்ட காலை டிபனில். தூக்கத்தைக் கூட்டிக்கொண்டு வரும் பண்டம் ஏதாவது உண்டா என்று தேடுவதைவிட, தானாக வரும் தூக்கத்தை எது விரட்டுகிறது என்று பார்த்தால் பலன் சீக்கிரம் தெரியும்.

முதலில் உங்கள் பக்க நியாயம் ஒன்று. பருவ வயதில் உடலின் கடிகாரம் தானாகவே பின்னால் நகர்கிறது. இருட்டியதும் சுரக்க வேண்டிய மெலடோனின் (தூங்கும் நேரத்தை உடலுக்குச் சொல்லும் ஹார்மோன்) சிறுவர்களைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. இருபதுகளில்தான் அது மெல்ல முன்னுக்கு வரும். ஆகவே பத்து மணிக்கே தூக்கம் வரவில்லை என்பதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டுவது பாதி அநியாயம். 18 முதல் 25 வயது வரை 7 முதல் 9 மணி நேரமும், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும் என்பதே மருத்துவ அமைப்புகளின் பரிந்துரை. உங்கள் உடல் 12 மணியை இயல்பான நேரமாகக் கேட்கலாம். அதை 2 மணிக்குத் தள்ளுவதில் பெரும் பங்கு கோப்பைக்கும் கேனுக்கும் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 150 மி.லி. டிகாக்ஷன் காபியில் 80 முதல் 120 மி.கி. காஃபின் இருக்கும்; அதே அளவு இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65; டீயில் 30 முதல் 65. எனர்ஜி டிரிங்க்கில் லிட்டருக்கு 145 முதல் 300 மி.கி. வரை இருக்கலாம் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு, 250 மி.லி. கேனில் அதிகபட்சம் 75. வயது வந்த ஒருவருக்கு இரத்தத்தில் உள்ள காஃபின் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். இப்போது உங்கள் மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மணிக்கு 75, 7 மணிக்கு 45, 11 மணிக்கு 60 என்று வைத்தால், நள்ளிரவு 1 மணிக்கு உடலில் முறையே 25, 20, 45 மிச்சம் இருக்கும். கூட்டினால் 90 மி.கி. ஒரு டம்ளர் கெட்டி ஃபில்டர் காபியைக் குடித்துவிட்டு விளக்கை அணைப்பதும் இதுவும் ஒன்றுதான்.

காஃபின் தெம்பு எதையும் தருவதில்லை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தன் ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால் தூக்கம் கண்ணைச் சுழற்றும். காஃபின் அந்த நாற்காலிகளில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. அடினோசின் வெளியே நின்றபடி சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது. காஃபின் எழுந்ததும் மொத்தமாக உள்ளே வருகிறது. மறுநாள் காலை பத்தே முக்கால் டீ இல்லாமல் கண்ணே திறக்காததற்கு இது ஒரு காரணம்.

"நான் காபி குடித்துவிட்டே தூங்குவேன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. 2013-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மி.கி. காஃபின் கொடுத்துக் கருவியால் அளந்தபோது தூக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்திருந்தது. உட்கொண்டவர்களுக்கே அந்த அளவு குறைந்தது தெரியவில்லை. 400 என்பது பெரிய அளவுதான். ஆனால் தூக்கம் வருவதும் நன்றாகத் தூங்குவதும் வேறு வேறு என்பதை அது காட்டுகிறது. தவிர, கல்லீரல் காஃபினை உடைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு அது பாதியாக 2 மணி நேரம் போதும், சிலருக்கு 10 மணி நேரம் வேண்டும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு இந்த நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அறைத் தோழனுக்கு ஒத்துவருவது உங்களுக்கு ஒத்துவர வேண்டும் என்று இல்லை.

நீங்கள் குறிப்பிடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஹாஸ்டல் பையன்களிடம் இது பரவலாக இருக்கிறது. சாயங்கால ஜிம்முக்குப் போகும் முன் கலக்கிக் குடிக்கும் ப்ரீ வொர்க்அவுட் பொடி. ஒரு ஸ்கூப்பில் 150 முதல் 300 மி.கி. வரை காஃபின் சாதாரணம். 7 மணிக்கு அதைக் குடித்துவிட்டு 12 மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று வாழைப்பழம் தேடுவதில் அர்த்தமே இல்லை.

என் பரிந்துரை: கடைசி டீயோ காபியோ மதியம் 2 மணிக்குள். ஆனால் நாளைக்கே எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். தினம் குடித்து வந்ததைத் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் கிளம்பும். இரண்டாம் நாள் உச்சத்தில் இருக்கும். ஒரு வாரம் வரைகூட நீடிக்கலாம். பலரும் அந்த இரண்டாம் நாளில்தான் "எனக்கு இது இல்லாமல் முடியாது" என்று முடிவுகட்டித் திரும்பிவிடுகிறார்கள். முதலில் 11 மணி காபியை மட்டும் நிறுத்துங்கள். நான்கைந்து நாள் கழித்து 7 மணி டீ. அதற்கு நான்கைந்து நாள் கழித்து 5 மணி கேன். அந்த 5 மணிக்கு வேறு ஏதாவது வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன். காலையிலும் மதியமுமாக இரண்டு டீ தொடர்ந்தால் தப்பில்லை. 18 வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கைகளுக்கு எனர்ஜி டிரிங்க்கே வேண்டாம். போலந்தில் 2024 ஜனவரி முதல் அவர்களுக்கு விற்பதையே தடை செய்துவிட்டார்கள். இங்கே கேனின் லேபிளில் குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று பொடி எழுத்தில் இருப்பதோடு சரி.

அடுத்தது காலை டிபன். இதற்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். உடலில் கடிகாரம் ஒன்று மட்டும் இல்லை. மூளையில் உள்ள தலைமைக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது. கல்லீரல், கணையம், கொழுப்புத் திசு ஆகியவற்றில் உள்ள கிளைக் கடிகாரங்கள் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து ஓடுகின்றன. 2017-ல் பிரிட்டனில் சர்ரே பல்கலைக்கழகத்தில் 10 இளைஞர்களின் மூன்று வேளை உணவையும் 5 மணி நேரம் தள்ளிப் போட்டுப் பார்த்தார்கள். மெலடோனின் நேரம் மாறவில்லை. ஆனால் இரத்தச் சர்க்கரையின் அன்றாடத் தாளம் ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல் பின்னால் போயிற்று. தலை ஒரு ஊர் நேரத்திலும் வயிறு இன்னொரு ஊர் நேரத்திலும் இருப்பது போன்ற நிலை. முதல் உருப்படியான சாப்பாடு மதியம் 1 மணிக்கு, கடைசிச் சாப்பாடு நள்ளிரவு 12 மணிக்கு என்றால் நீங்கள் தினமும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

அதனால் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிடுங்கள். மெஸ் டிபனே போதும். நான்கு இட்லியும் சாம்பாரும் நல்ல சாப்பாடுதான். ஆனால் ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பை விளக்கு வைத்துத் தேட வேண்டியிருக்கும் என்பதால் கூடவே ஒரு வேகவைத்த முட்டை (6 கிராம் புரதம்) அல்லது ஒரு டம்ளர் பால் சேர்த்துக்கொள்ளுங்கள். மெஸ்ஸுக்குப் போக நேரமில்லை என்றால் முந்தின நாளே இரண்டு வாழைப்பழமும் 30 கிராம், அதாவது ஒரு கைப்பிடி, வறுத்த வேர்க்கடலையும் வாங்கி வைத்துக்கொண்டு வெளியில் நடந்தபடி சாப்பிடலாம். காலை வெயில் முகத்தில் படுவது தலைமைக் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும்; ஒரே நடையில் இரண்டு கடிகாரத்துக்கும் சாவி கொடுத்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை தூங்குவதுதான் இதையெல்லாம் கெடுக்கும். வார நாளைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினால் திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டுக்கு வருவோம். சோறு சாப்பிட்டால் மந்தம், சப்பாத்திதான் நல்லது என்ற பேச்சு தமிழ்நாட்டு வீடுகளில் வேரூன்றிவிட்டது. தூக்கத்தைப் பொறுத்தவரை சோற்றின் மேல் பழி போட ஆதாரம் இல்லை. 2007-ல் ஆஸ்திரேலியாவில் 12 ஆண்களுக்கு, படுப்பதற்கு 4 மணி நேரம் முன்பு இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் அரிசிச் சோற்றையும், மெதுவாக ஏற்றும் அரிசிச் சோற்றையும் வெவ்வேறு நாளில் கொடுத்தபோது, முதல் வகையில் 9 நிமிடத்திலும் இரண்டாவதில் பதினேழரை நிமிடத்திலும் தூங்கினார்கள். அதே சோற்றை ஒரு மணி நேரம் முன்பு கொடுத்தபோது அந்தப் பலன் குறைந்துவிட்டது. சிறிய ஆய்வு, இதை வைத்து ஒரு குண்டான் சோறு சாப்பிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. மெஸ்ஸில் ரசம் சாதம் இருந்தால் தயங்காமல் சாப்பிடலாம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான வில்லன் 12 மணி பரோட்டா. மைதா, எண்ணெய், முட்டை, மேலே சால்னா. கொழுப்பு அதிகமான உணவு இரைப்பையை விட்டு நகர நேரம் எடுக்கும். அது நிரம்பியிருக்கும்போதே மல்லாந்து படுத்தால் அமிலம் மேலே ஏறும். நெஞ்செரிச்சலாகத் தெரிந்தால் பரவாயில்லை. பலருக்கு அது வெறும் புரளலாக, இரண்டு மூன்று முறை விழிப்பாக, காலையில் தொண்டைக் கரகரப்பாக மட்டும் தெரியும். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2016-ல் வந்த ஆய்வு இதோடு ஒத்துப்போகிறது. நார்ச்சத்து குறைந்து, நிறைகொழுப்பும் சர்க்கரையும் கூடிய நாளில் தூக்கத்தின் ஆழம் குறைந்து, இடையிடையே விழிப்பு கூடியது. அளவாகத் திட்டமிட்டுக் கொடுத்த உணவில் 17 நிமிடத்தில் தூங்கியவர்கள், இஷ்டப்படி சாப்பிட்ட நாளில் 29 நிமிடம் எடுத்தார்கள்.

ஆனால் 12 மணிக்கு உங்களுக்கு எடுப்பது பொய்ப் பசி அல்ல. 7:45-க்கு மூன்று சப்பாத்தி சாப்பிட்டவருக்கு நான்கு மணி நேரத்தில் பசிக்கத்தானே செய்யும்? "ராத்திரி சாப்பிடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் அறிவுரை அதனால்தான் மூன்றாம் நாள் முறிகிறது. பசியோடு படுத்தாலும் தூக்கம் வராது. ஆகவே சாப்பாட்டை முன்னால் நகர்த்த வேண்டும். கேன் குடிக்கும் அதே 5 மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் (கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறு எதுவானாலும்), கூட ஒரு கொய்யா. மெஸ்ஸில் இரவு வயிறாரச் சாப்பிடுங்கள். பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்குங்கள். பிறகும் பத்தரை மணி வாக்கில் பசித்தால் 150 முதல் 250 கலோரிக்குள் ஒன்று: ஒரு டம்ளர் பாலும் இரண்டு பேரீச்சம்பழமும், அல்லது ஒரு வாழைப்பழமும் சிறு கைப்பிடிப் பொட்டுக்கடலையும், அல்லது தயிர்சாதம் ஒரு சின்னக் கிண்ணம். அதற்குமேல் பெரிய சாப்பாடு எதுவும் படுக்கைக்கு 3 மணி நேரத்துக்குள் வேண்டாம். என்றாவது நண்பர்களோடு பிரியாணி என்றால் சாப்பிடுங்கள். அன்று மட்டும் இடது பக்கம் சாய்ந்து படுத்தால் அமிலம் ஏறுவது குறையும்.

இது இருவழிப் பாதை என்பதையும் கவனியுங்கள். தூக்கம் குறைந்தால் பசியே மாறிவிடுகிறது. 12 இளைஞர்களை இரண்டு இரவு 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்ட 2004-ம் ஆண்டு ஆய்வில், வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மேல்தான் நாட்டம் அதிகமானது. 10:45-க்குக் கை பப்ஸைத் தேடிப் போவது மன உறுதிக் குறைவால் மட்டும் அல்ல. இதன் மறுபக்கம் 2022-ல் வந்தது: ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிவந்த, எடை கூடிய 21 முதல் 40 வயதுக்காரர்களின் தூக்கத்தைச் சராசரியாக 1.2 மணி நேரம் கூட்டியபோது, உணவுக் கட்டுப்பாடு எதுவும் சொல்லாமலேயே அவர்கள் உட்கொண்டது நாளுக்கு 270 கலோரி குறைந்தது.

சரி, நீங்கள் கேட்ட ஜாதிக்காய்ப் பால். பாலில் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, அதிலிருந்து மெலடோனின் உருவாகிறது என்பது உண்மை. அளவுதான் இடிக்கிறது. 200 மி.லி. பாலில் உள்ளது 100 மி.கி.க்கும் குறைவு, தூக்கத்துக்காக அதைச் சோதித்த ஆய்வுகளில் 1 கிராமும் அதற்கு மேலும் கொடுத்திருக்கிறார்கள். தவிர, பாலின் மற்ற அமினோ அமிலங்களும் மூளைக்குள் போக அதே வாசலில் முண்டியடிக்கின்றன. வெதுவெதுப்பான பால் பலருக்கு உதவுவது பசி அடங்குவதாலும், "இனி படுக்கை" என்ற பழக்கத்தாலும். அது கெட்ட காரணம் இல்லையே, ஒத்துக்கொண்டால் குடியுங்கள். ஜாதிக்காய் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஒரு காய் அளவுக்குப் போனால் படபடப்பு, வாந்தி, மனக்குழப்பம் வரை கொண்டுபோகும். பாதாம், வாழைப்பழம் நல்ல உணவுகள், அவ்வளவுதான். மது குடித்தால் தூக்கம் வருகிறது என்பவர்களுக்கு: முன்னிரவில் வருவதை அது பின்னிரவில் வட்டியோடு பறித்துக்கொள்கிறது.

தூக்கத்துக்கு என்று விற்கும், மெலடோனின் சேர்த்த மென்மிட்டாய்களை (gummies) வாங்க வேண்டாம். கனடாவில் 2017-ல் கடைப் பொருட்களைச் சோதித்தபோது, சிலவற்றில் லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாகவும் சிலவற்றில் 478 சதவீதம் கூடுதலாகவும் இருந்தது.

இதுவரை சொன்னதை மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் சோர்வு போகவில்லை என்றால் இரும்புச்சத்தைப் பாருங்கள். இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கும் அதே வயது ஆண்களில் 31 சதவீதம் பேருக்கும் இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரத்தசோகை அளவுக்குப் போகும் முன்பே இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதன் ஓர் அடையாளம் படுத்ததும் காலில் ஏதோ ஊர்வது போலவும், இழுப்பது போலவும் தோன்றி, ஆட்டினால் அல்லது எழுந்து நடந்தால் மட்டும் சரியாவது. கால் வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு இதைத் தவறவிடுபவர்கள் நிறைய. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கால் தொந்தரவு உள்ள பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 75-க்குக் (ng/mL) கீழே இருந்தாலே இரும்புச் சிகிச்சையை யோசிப்பார்கள். ஆய்வகத் தாளில் அது "நார்மல்" என்று அச்சாகியிருக்கும். காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதால் அப்போது எடுக்காதீர்கள். சைவர் என்றால் பி12-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இங்கே குறுக்கே நிற்கிறது: டிபன் முடிந்த கையோடு காபி. காபி, டீயிலுள்ள டானின் போன்ற பொருட்கள் கீரை, பயறில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். அதற்குப் பதில் எலுமிச்சை பிழிந்த சுண்டல், நெல்லிக்காய், கொய்யா என்று வைட்டமின் சி உள்ளதைச் சாப்பாட்டோடு சேர்த்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். மாத்திரை எழுதித் தந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரும்பு குறைந்த இளம்பெண்களிடம் அப்படி எடுத்தபோது நன்றாகச் சேர்ந்தது. வயிற்றுப் புரட்டலும் குறையும். மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது மாத்திரையின் நிறம்தான்.

எரிச்சலையும் எழுதியிருந்தீர்கள். தூக்கம் சீரானாலே அதில் பாதி குறைய வாய்ப்புண்டு. உணவுக்கும் மனநிலைக்கும் நேரடித் தொடர்பைச் சோதித்த ஆய்வுகளும் உண்டு. மனச்சோர்வு இருந்த 18 முதல் 25 வயது ஆண்கள் 72 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் 2022-ல் வெளியான ஆய்வில், காய்கறி, பயறு, மீன், கொட்டைகள், ஆலிவ் எண்ணெய் மிகுந்த உணவை 12 வாரம் சாப்பிட்டவர்களிடம் அறிகுறிகள் கணிசமாகக் குறைந்தன. இதில் ஒரு பலவீனம் உண்டு: தான் நல்ல சாப்பாடு சாப்பிடுகிறோம் என்பது சாப்பிடுபவருக்குத் தெரியும், அந்த நம்பிக்கையே கொஞ்சம் வேலை செய்யும். ஆலிவ் எண்ணெய்க்கு அலைய வேண்டாம். நாளுக்கு 85 கிராம் பருப்பு பயறு, 400 கிராம் கீரை காய்கறி, ஒரு பழம், ஒரு கைப்பிடி கடலை என்பதே 2000 கலோரிக்கு நம் ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்த தட்டிலும் இருக்கிறது. மெஸ்ஸில் கிடைக்காத பங்கைச் சுண்டலும் பழமும் ஈடுகட்டட்டும். மத்தி மீன் மலிவாகக் கிடைக்கும் ஊரில் இருந்தால் வாரம் இரண்டு முறை சாப்பிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, மனம் கனத்தே கிடக்கிறது என்றால் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வாரம் மூன்று இரவாவது தூக்கமின்மை என்று மூன்று மாதம் ஓடியிருந்தாலும், குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருவதாக அறைத் தோழன் சொன்னாலும் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது இங்கே எழுதியது போலவே இரண்டு வாரத்துக்கு எழுதி எடுத்துப் போங்கள்: எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், கடைசி டீ எப்போது, எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள். அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும்.